ஒன்பதாம் பாடம் பரீட்சைக்கு இல்லை

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. எனக்கும் வலி, பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் வலி. டாக்டரைக் காணோம். அந்த அம்மா முன்பு ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தவராம்.

"எங்களுக்கு வேலை போன கதையைக் கேட்டா சிரிப்பீங்க சார்," என்றார். "வேலை போச்சுன்னு சொன்னப்ப நாங்க நாப்பது பேரும் எழுந்து கை தட்டினோம்."

சொல்லிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் அன்றே மறந்துபோய் உங்களுக்கும் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சைப் பற்றிய கதை எழுத அது ஒரு குறைதான். கடைசியில் அந்தக் குறை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அவள் பிரெஞ்சு வகுப்பில் முதல் மாணவி." செத்த வாக்கியம். அடித்துவிட்டேன்.

"மொழி ஒரு பாலம் என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள், அந்தப் பாலத்தில் ஏறி நின்றபோது" – நின்றபோது என்ன? பாலம் இடிந்ததா? மலிவாக இருக்கிறது. பாதியிலேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவது இது: அவளுடைய அம்மா கட்டைவிரல் தைப்பவள்.

கையுறையில் மற்ற நான்கு விரல்களை யாரும் தைத்துவிடலாம். கட்டைவிரல் மட்டும் வளைத்துப் பொருத்த வேண்டும், ஒரு தையல் இழுத்தால் உள்ளங்கை முழுவதும் சுருங்கிவிடும். தொழிற்சாலை முதலாளி ஒரு குளிர்நாட்டுக்காரர். பிரெஞ்சு பேசுகிறவர். அதனால்தானோ என்னவோ, மகள் மேல்நிலைப் பள்ளியில் உயர்நிலைப் பிரெஞ்சு எடுக்கப் போகிறேன் என்றபோது அம்மா ஏன் என்று கேட்கவில்லை. தையல் பிரிவுப் பெண்கள் அவளுக்கு 'பாரீசு' என்று பேர் வைத்தார்கள். கதையிலும் அவள் பாரீசுதான்.

3

(உயர்நிலைப் பிரெஞ்சு என்றால் என்னவென்று நானும் விசாரித்தேன். இலக்கணம் கால்வாசிதான். மீதியெல்லாம் பண்பாடு. கனடாவின் பனிக்காலம், மேற்கு ஆப்பிரிக்காவின் பாடகர்கள், கரீபியன் தீவுகளின் வரலாறு, அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தின் முன் நின்று என்ன பேசுவது. பாரீசு ஓர் அமைச்சருக்குக் கடிதம் எழுதுவாள். மரியாதையாக வருத்தம் தெரிவிக்க அவளுக்கு ஏழெட்டு வழி தெரியும். மொத்தம் பன்னிரண்டு பாடங்கள். ஒன்பதாவது, 'தொழில் உலகம்'. பரீட்சைக்கு அதிலிருந்து கேட்பதில்லை என்று பிரெஞ்சு மிஸ் அதை நடத்தவில்லை. பிள்ளைகளும் தப்பித்தோம் என்றிருந்தார்கள்.)

4

முதலாளி வருகிறார், தொழிலாளிகளிடம் நேராகப் பேச விரும்புகிறார், மொழிபெயர்க்க நல்ல மாணவி ஒருத்தி வேண்டும் என்று மேனேஜர் பள்ளிக்குப் போன் செய்தார். மிஸ் யோசிக்கவே இல்லை.

அன்று காலை பாரீசு சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். அம்மா அவள் காலரைச் சரிசெய்து, "தண்ணி குடிச்சுட்டுப் பேசு. தொண்டை கட்டிக்கும்," என்றாள். அம்மா அன்று வழக்கத்தைவிட அரை மணி முன்னால் கிளம்பிப் போய், சாப்பாட்டு ஹாலில் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி மெலிந்த மனிதர். நிதானமாகப் பேசினார். இத்தனை வருட உழைப்பு, இந்தக் கைகளின் நுணுக்கம், குளிர்நாட்டுப் பெண்கள் இந்தக் கையுறைகளைக் கழற்ற மனமில்லாமல் போட்டிருப்பது. பாரீசு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். மூன்றாவது வாக்கியத்தில் குரல் நிலைத்தது. பெண்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். "பாருடி, கட்டைவிரல் பொண்ணை!"

அப்புறம் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். தையல் பிரிவில் இருக்கும் நாற்பது பேரும் மாதக் கடைசியில் 'லிசான்சியே' ஆவார்கள்.

பாரீசுக்கு அந்தச் சொல் தெரியும். ஆறாம் பாடம். 'லிசான்ஸ்' என்றால் பட்டப்படிப்பு. லிசான்சியே, பட்டம் பெற்றவர். பாடப் புத்தகத்தில் வந்த பெண் வரலாற்றில் லிசான்சியே. இவ்வளவு நேரம் திறமையைப் புகழ்ந்த மனிதர் வேறென்ன தரப் போகிறார்?

"தையல் பிரிவு நாப்பது பேருக்கும் மாசக் கடைசியில பட்டம் குடுக்கறாங்க!"

ஹால் முழுக்கக் கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். அம்மா கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள்.

அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். ஒன்பதாம் பாடம், முதல் பக்கம்.

5

இங்கே எனக்கு, ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் மேல் சந்தேகம். விஷயம் அவருக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். தமிழும் தெரியும். 'பட்டம்' என்று அவள் சொன்னது அவர் காதில் விழாமல் இருக்காது. எழுந்து "அப்படியில்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வரைவில் அவரைக் குரூரமாகச் சிரிக்க வைத்தேன். பல்வலி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சிரிக்கல சார். போனைப் பார்த்துட்டிருந்தார்." சிரித்திருந்தால் எழுதுவது சுலபம். அந்தச் சேதியைத் தன் வாயால் சொல்லாமல் தப்பிக்கத்தான் அவர் பள்ளிக்கூடப் பெண்ணைத் தேடியிருக்கிறார்; தப்பித்துவிட்டார், அவ்வளவுதான்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்தார். எளிய சொற்களில், முதல் வருடப் பிள்ளைக்கும் புரிகிற பிரெஞ்சில் சொன்னார்: "உங்கள் வேலை போகிறது. நீங்களோ கை தட்டுகிறீர்கள். இந்தக் கைதட்டலை நான் என் ஊருக்கு எடுத்துப் போவேன்."

வேலை. போவது. இதற்கு இரண்டாவது பொருள் கிடையாது.

பாரீசு மைக்கைப் பிடித்தபடி நின்றாள். நான் அவளை ஓட வைத்துப் பார்த்தேன், மயங்கி விழ வைத்துப் பார்த்தேன். ஒரு வரைவில் அவள் பொய்யையே தொடர்ந்து, நன்றி சொல்லி முடித்தாள். எதுவும் ஒட்டவில்லை. நடந்தது இதுதான்: அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில், "அம்மா, வேலை போயிடுச்சும்மா," என்றாள். அம்மாவுக்கு மட்டும் சொன்னதுதான். மைக் எல்லாருக்கும் சொன்னது.

6

தையல் பிரிவு கொதித்தது. யார் மேல்? முதலாளியைக் காரில் ஏற்றி ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டார். கண்முன் நின்றது சீருடை போட்ட ஒரு பெண். "வாய்க்கு வந்ததைச் சொல்லி எங்களைக் கோமாளி ஆக்கிட்டியேடி!" என்றாள் ஒருத்தி. மகளைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு அம்மா டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள்.

பாரீசு பள்ளிக்குப் போனாள். மிஸ் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அது ஒன்பதாம் பாடம்மா. பரீட்சைக்கு இல்லையேன்னு விட்டோம்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உச்சரிப்பு நல்லா இருந்துச்சுன்னு மேனேஜர் போன்ல சொன்னார்," என்றார்.

(மிஸ்ஸைப் பற்றி ஒரு பத்தி கோபமாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பன்னிரண்டு பாடத்தையும் நடத்த அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை எடுக்க மனம் வரவில்லை.)

சாயங்காலம் தையல் பிரிவே பாரீசு வீட்டு வாசலில் நின்றது. காலையில் திட்டியவள்தான் பேசினாள். "அந்த ஆள் நாளைக்குப் போயிடுவான். ஹோட்டல்லயே பிடிச்சுக் கேட்கணும். நீ வந்து சொல்லணும்."

"நான் வரல அக்கா. தப்பாச் சொல்லிடுவேன்."

"தப்போ சரியோ, அவன் பாஷை தெரிஞ்சவ நீ ஒருத்திதானே?"

காலையிலிருந்து மகளோடு பேசாத அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "வாடி," என்றாள்.

7

ஹோட்டல் வரவேற்பறையில் முதலாளி பாரீசைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மேனேஜர் இல்லை. பிரெஞ்சு தெரிந்தவர்கள் இரண்டே பேர். யார் பேசுவது என்று பெண்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முன்னால் வந்தாள்.

"இவர்கிட்ட சொல்லு. நான் பதினஞ்சு வருஷமா கட்டைவிரல் தைக்கிறேன். யார் கைக்குன்னு தெரியாமத் தைச்சேன். அது போகட்டும். காலைல நான் கை தட்டினேனே, அது உங்களுக்கு இல்ல. நீங்க கொண்டு வந்த சேதிக்கும் இல்ல. என் பொண்ணு மைக்கைப் பிடிச்சு உங்க பாஷையைப் பேசினா, அதுக்குத் தட்டினேன். அதை நீங்க உங்க ஊருக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது. திருப்பிக் குடுங்க."

மொழிபெயர்ப்பவர், பேசுபவர் 'நான்' என்றால் தானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதுதான் முறை. பாரீசும் படித்திருந்தாள். அப்படியென்றால் அவள் தன்னையே 'என் பொண்ணு' என்று சொல்ல வேண்டும்.

"சொன்னாளா?" என்று பல்வலி அம்மாவைக் கேட்டேன்.

"ஏதோ சொன்னா சார். அவ அம்மா அவ்வளவு பேசினாங்க, இவ அஞ்சாறு வார்த்தைதான் சொன்னா. அந்த ஆள் முகம் மாறிப் போச்சு. அப்படியே திரும்பி மாடிக்குப் போயிட்டார்."

"என்ன சொன்னா?"

"எங்கள்ல யாருக்கு சார் அந்த பாஷை தெரியும்?"

அம்மா கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் தையல் பிரிவை மூடினார்கள். அதை எந்த முடிவாலும் என்னால் திறக்க முடியாது. பாரீசு பிரெஞ்சுப் பரீட்சையில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அதன் பிறகு அவள் அந்த மொழியில் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த வாக்கியத்தை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். "என் அம்மா உங்களை மன்னிக்கவில்லை." இது புத்தகப் பேச்சு. "நான் தவறாகச் சொல்லிவிட்டேன், ஐயா, மன்னியுங்கள்." இதற்கு அவர் முகம் மாறியிருக்காது, இன்னும் மலர்ந்திருக்கும். "என் பொண்ணுக்குத் தட்டினேன்" – இதை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அவள் சொல்லியிருப்பாள் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதாலேயே நம்ப முடியவில்லை.

ஆகவே இந்த இடம் உங்களுக்கு:

"..............................................."

தமிழில் எழுதினாலும் சரிதான். ஐந்தாறு வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. கேட்டதும் அந்த மனிதரின் முகம் மாற வேண்டும். பின்னால் நிற்கும் நாற்பது பேருக்கும் ஓர் எழுத்துகூடப் புரியக்கூடாது.