மழையோடு வந்த வேன்

பிரான்சின் ஷெர்பூர்கில் ஒடில், மலோ, நான் மூன்று பேரும் படுக்கை, அடுப்போடு கூடிய கேம்பர் வேனில் ஏறியபோது பிடித்துக்கொண்ட மழை ஐந்து நாளாகக் கூடவே வந்தது. நாங்கள் கிளம்பிய ஊரிலெல்லாம் மறுநாளே வெயிலாம், ரேடியோ சொன்னது. ஒடில் சிரித்த சிரிப்பில் காப்பியைப் படுக்கையில் கொட்டினாள்.

ரோஸ்காஃபில் ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தியதுமே வானம் கொட்டியது. வயல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். துரத்தப்போகிறார் என்று நினைத்தோம்.

"மன்னிச்சுக்குங்க, இந்த மழை எங்க கூடத்தான் வருது," என்றான் மலோ.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு மாசமா இங்க ஒரு சொட்டு இல்ல. எத்தனை நாள் இருப்பீங்க?" என்று தாமரை மொட்டு மாதிரி இருக்கும் ஆர்ட்டிசோக் காயை ஒரு கூடை உள்ளே தள்ளினார்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வேகவைத்து, இதழ் இதழாகப் பிய்த்து, வெண்ணெயில் தோய்த்து மொத்தத்தையும் தின்று தீர்த்தோம்.

மறுநாள் கண் கூசும் வெயில். கதவைத் திறந்தால் இடுப்பில் கை வைத்தபடி வயல்காரர்.

"எங்க மழை?"

ஒடில் காலிக் கூடையைப் பின்னால் மறைத்தாள். மலோ அசரவில்லை. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை லீவுங்க!"

"அப்ப நாளைக்கு வேலைக்கு வந்துடணும்," என்றவர், வேன் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.