குடோனில் சாப்பிட்டவர்கள்

1

இப்பல்லாம் வேலையை விட்டு நிற்கிறவர்கள் யாரும் முகத்துக்கு முன்னால் வந்து சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், அதோடு சரி. 'போயிட்டு வரேங்க' என்று சொன்னால் வாயா தேய்ந்துவிடும்? மரியாதை கெட்ட காலம்.

இந்தப் புலம்பல் என்னுடையது இல்லை. வைரக்கண்ணு என்பவருடையது. பாடாலூரில் ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் இருந்தவர் ஆரம்பித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதால் ஆமா ஆமா என்று தலையாட்டினேன். கதை அந்தத் தலையாட்டலில்தான் பிறந்தது. கம்ப்யூட்டர் வேலைக்கு இருந்த ஒரு பெண் சொல்லாமல் நின்றுவிட்டாள், அதுதான் அவர் குறை. அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அந்த ஆள் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

2

"பெரம்பலூர் துறைமங்கலத்தில் பொழுது பொன்னாகப் புலர்ந்தது. பறவைகள்..."

வேண்டாம். பொழுது எல்லா ஊரிலும்தான் புலருது.

"ருமைசா ஓர் அடக்கமான பெண். அதிர்ந்து பேசாத..."

இதையும் அடித்துவிட்டேன். படித்தவர்கள் இப்படி எழுதுவார்கள் என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண் சரியான வாயாடி என்று வைரக்கண்ணுவே சொன்னார்.

நேராக வருகிறேன். துறைமங்கலத்தில் விதை, உரம், பூச்சி மருந்து மொத்தமாக விற்கிற ஒரு டிப்போ. முன்னால் ஆபீஸ், பின்னால் குடோன். வைரக்கண்ணு மேனேஜர். கணக்குக்குத் தேவயானி. லோடு இறக்கி ஏற்றுவதற்குக் கொளஞ்சி; குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவன். பில் போடுவதற்கு ருமைசா, லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள்.

வைரக்கண்ணுவுக்கு யாரையும் ஆகாது. ஃபேனைப் போட்டால் பில் பறக்குது என்று தேவயானி நிறுத்துவாள், வேர்க்குது என்று கொளஞ்சி போடுவான். கொளஞ்சி போன் பேசினால் மாமியார் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். ருமைசா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தினம் பார்க்கிற முகம் என்றாலே கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

மத்தியானச் சோறு மட்டும் வேறு. இரண்டு மேஜையை இழுத்துச் சேர்ப்பார்கள். டப்பா மூடிகளில் குழம்பும் பொரியலும் கைமாறும்.

"அக்கா, இது சாம்பாரா, பருப்பு குளிச்ச தண்ணியா?" என்பாள் ருமைசா.

"ஏண்டி, உங்க அம்மா மட்டும் என்னத்த வாரி எறைக்குதாம்?" என்று சொல்லிக்கொண்டே தேவயானி அவள் டப்பாவிலிருந்து கறித்துண்டை எடுப்பாள்.

"சார் வூட்டு ரசத்தப் பாருங்க, யூரியா போட்ட மாதிரி பொங்குது."

வைரக்கண்ணு முறைப்பார். முறைத்துவிட்டு ரசத்தை ருமைசா பக்கம் தள்ளுவார்.

3

நோன்பு வந்தது. வெயிலும் வந்தது.

"பாவம், தண்ணி கூடக் குடிக்காம கெடக்குது. அது முன்னாடி நாம சோத்தப் பெசஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று வைரக்கண்ணுதான் சொன்னார்.

"சார், நீங்க இங்கயே சாப்புடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல."

"நீ சும்மா இரும்மா."

மூன்று பேரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போனார்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கீழே மருந்து நெடி, சோற்று வாயில் வந்து உட்காரும். "சார், நோம்பு அவளுக்கு, தண்டனை நமக்கு" என்றான் கொளஞ்சி.

(இதுவரைக்கும் நான் அவரை நம்புகிறேன். மரியாதை இல்லாதவன் அந்த நெடியில் போய்ச் சாப்பிட மாட்டான்.)

பெருநாள் முடிந்தது. ருமைசா புதுத் துணியில் வந்தாள். மத்தியானம் தேவயானி மேஜையை இழுக்கப் போனாள். கொளஞ்சி மேஜையைப் பிடித்துக்கொண்டு, ருமைசாவுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"இருங்கக்கா. பெருநாளுக்கு அப்பறமும் ஆறு நோம்புன்னு ஆறு நாள் வைப்பாங்க. குவைத்துல பாத்திருக்கேன்."

"அது எப்ப முடியும்?" என்றார் வைரக்கண்ணு.

"அந்த மாசத்துல எந்த ஆறு நாள்ங்கறது அவங்கவங்க வசதி சார்."

"கேட்டுப் பாரேன் தேவயானி."

"நல்லாருக்கு. வயசுப் பொண்ணுகிட்ட 'இன்னிக்கு நோம்பா, இல்லையா'ன்னு எப்புடி சார் கேக்குறது? இல்லன்னா ஏன் இல்லன்னு கேட்ட மாதிரி ஆயிடும்."

அதுவும் நியாயம்தான். மூன்று பேரும் குடோனுக்குப் போனார்கள். ருமைசா டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப உள்ளே வைத்ததை யாரும் பார்க்கவில்லை.*

* யாரும் பார்க்கவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எழுதிவிட்டேன். அடிக்க மனசு வரவில்லை.

4

ஆறு நோன்பு எத்தனை மாசம் போகும்? சித்திரை போச்சு, வைகாசி போச்சு. டீக்கடையில் நான் கேட்டேன்.

"எப்பங்க மறுபடி முன்னாடி வந்து சாப்பிட்டீங்க?"

டீயை ஊதினார். "வரலை."

"ஏன்?"

"பழகிடுச்சுங்க."

பூச்சி மருந்து நெடியில் சோறு தின்ன எவனுக்குப் பழகும்? இந்த இடத்தில்தான் எனக்கு இவர் மேல் நம்பிக்கை போனது. இனி வருவது அவர் சொன்னதில்லை, நானாக எழுதுவது:

[ "அந்தப் பொண்ணு இன்னிக்கும் லேட்டு."

"பஸ்ஸாம் சார்."

"அந்த ஊரு பஸ்ஸு மட்டும் எப்பவும் பஞ்சராவுது."

"காதுல ஒயரு இருந்தா பஸ்ஸு வர்றது எங்கருந்து கேக்கும்?"

தேவயானிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ]

இப்படித்தான் இருந்திருக்கும். ஆபீஸில் கூட இருக்கிறவர்களைத் திட்டிக்கொண்டே தின்கிற சோற்றுக்கு ஒரு ருசி உண்டு. முன்னால் போனால் அவள் இருப்பாள். அவளை வைத்துக்கொண்டு யாரைப் பேசுவது? மரியாதைக்காகப் போன இடம் வசதியாகிவிட்டது. இதைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

5

ஆடியில் மக்காச்சோள விதைக்குக் கூட்டம் நெரிக்கிற நேரம். ருமைசாவிடமிருந்து மெசேஜ் வந்தது: நாளையிலிருந்து வரவில்லை. பில் போட ஆளில்லாமல் விவசாயிகள் போட்ட சத்தத்தை வைரக்கண்ணு இன்னமும் சொல்லுகிறார். அதுதான் நான் முதலில் கேட்ட புலம்பல்.

அவர் பஸ் ஏறிப் போன பிறகும் என் மண்டையில் ஏதோ அரித்துக்கொண்டே இருந்ததால், அடுத்த வாரம் துறைமங்கலத்துக்கே போனேன். மறைத்ததை அப்புறம்தான் சொன்னார். வேலை பார்த்ததற்குச் சர்டிபிகேட் வாங்க அவள் ஒருநாள் வந்திருக்கிறாள். கூட அவள் அண்ணன் முகமது அனஸ், பைக்கை விட்டு இறங்காமல் வாசலிலேயே நின்றிருக்கிறான்.

வைரக்கண்ணு கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் வாங்கினாள், போகவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஏன் சார் என்னை வுட்டுட்டுப் போய்ச் சாப்ட்டீங்க?"

"நீதான நோம்புல இருந்த?"

"ஆடி மாசத்துல எனக்கு என்ன நோம்பு சார்?"

தேவயானி கணக்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கொளஞ்சி லோடு பார்க்கிற மாதிரி பின்னால் நழுவினான்.

"நான் கறி கொண்டாறது உங்களுக்கெல்லாம் ஒரு மாதிரியா இருந்துச்சா சார்? சொல்லியிருந்தா தயிர்ச்சோறே கொண்டாந்திருப்பேனே."

இந்த இடத்தில் அவர் எழுந்து, 'ஐயோ, அதில்லம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லுவது மாதிரி எழுதியும் பார்த்தேன். எழுத்தில் நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. வைரக்கண்ணு,

"கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு என்ன வச்சிருக்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"வாயில அதுதான் வந்துச்சு." மேஜை மேலிருந்த பில் கட்டைத் தட்டி அடுக்கினார். "கறியா? அதுக்காவா? அடப்பாவமே. தேவயானிதான் அதுல முக்காவாசி திம்பா." அப்புறம் மெதுவாக, "அப்புடி நெனச்சுக்கிட்டே நாலஞ்சு மாசம் தனியாத் தின்னிருக்குது, என்னங்க?" என்றார்.

6

முடிவு, முதல் மாதிரி: வைரக்கண்ணு லப்பைக்குடிக்காட்டுக்குப் போகிறார். ருமைசாவின் அம்மா ஹபீபா, "உள்ள வாங்கண்ணே" என்று உட்காரவைத்துச் சோறு போடுகிறார். எல்லாரும் அழுகிறார்கள். (எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.)

இரண்டாம் மாதிரி: போன் செய்கிறார். ஆனால் அவர் போனில் அவள் பேர் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்றுதான் இருக்கிறது. அழைத்தால்...

மூன்றாம் மாதிரியில் அவள் திரும்ப வேலைக்கு வருகிறாள். நான் அதை ஆரம்பிக்கவே இல்லை. வருவாளா? நீங்களாக இருந்தால் வருவீர்களா?

கடைசியில் எழுதினதை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவருக்கே படித்துக் காட்டினேன். குடோன் பேச்சு வந்த இடத்தில் 'பொய்' என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. படித்து முடித்ததும் கேட்டார்:

"ஏங்க, அதுவும் குடோனுக்குள்ள வந்து உக்காந்திருக்கலாம்ல? கதவையா சாத்தி வச்சிருந்தோம்?"

"கூப்பிட்டீங்களா?"

"ஒரே ஆபீஸ்ல எதுக்குங்க கூப்புடறது?"

லப்பைக்குடிக்காட்டு வண்டி எதிரிலேயே உறுமிக்கொண்டு நின்றது. "நிக்குது பாருங்க, ஏறுங்க. கறிக்காக இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. அந்தப் புள்ள அத மட்டுமாவது மனசுலேருந்து எறக்கி வச்சுரும்" என்றேன்.

எழுந்து போனார். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "திரும்பி வர எத்தன மணியாவும்?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"ஏறுறதுன்னா ஏறுங்க பெரியவரே, வழிய மறிக்காதீங்க."

ஒரு காலை மேலே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அதற்கு மேல் நிற்கவில்லை, காகிதத்தை மடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் அவரை ஏற்றிவிடுங்கள். ஊர் வரைக்கும் கொண்டுபோங்கள், வீட்டையும் காட்டுங்கள். எனக்கென்னவோ, அந்தப் பெண் கதவைத் திறந்ததும், "இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்" என்றுதான் அந்த ஆள் சொல்லுவார்.