ரப்பர் மூடி

ராசாத்தியின் மூக்கையும் வாயையும் மூடியிருந்த ரப்பர் மூடியை ஆண்டிச்சாமி விடிந்ததிலிருந்து கையாலேயே அழுத்திப் பிடித்திருந்தான். அதைத் தலையோடு கட்டும் வார் இற்று அறுந்துபோயிருந்தது. திருச்சியிலிருந்து லாரியில் வந்த இரும்பு உருளை கட்டிலோரம் நின்றது. அதிலிருந்து குழாய் வழியே அவளுக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பக்கமும் நுரையீரல்ல நிமோனியா. ஊசி வேலை செய்ய ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் இந்தக் காத்துதான். கையை எடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் ஆரோக்கியம்மாள் பக்கத்து வார்டுக்குப் போயிருந்தாள்.

கை மரத்துவிட்டது. மாற்றிக்கொள்ளப் பயமாக இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் அவன் பார்த்ததில்லை.

பத்து மணி பஸ்ஸில் அரிமளத்திலிருந்து மாமியார் பிச்சையம்மாள் வந்தாள். கையில் பால் செம்பு. மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதை வச்சுட்டாகளா, மாப்பிள்ளை?"

"மூச்சுக்குத்தான் அத்தை. சரியாப் போயிரும்."

"எங்கண்ணன் சோலையப்பனுக்கும் இப்படித்தான் சொன்னாக. மூடுன வாயை மூடுனபடியே அனுப்புனாக. ஒரு சொட்டுப் பால் எறங்கல."

"எடுக்கக் கூடாதுங்கிறாக."

"பெத்தவ இங்கிட்டு நிக்கிறேன். வறண்ட தொண்டையோட எம்மக போகணுமா? நீங்களே சொல்லுங்க."

பிழைப்பாள் என்று அவனுக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. போய்விட்டால் அந்த வறண்ட தொண்டை ஆயுசுக்கும் அவன் பொறுப்பு. ஒரே ஒரு வாய் என்று நினைத்து மூடியைத் தூக்கினான்.

பிச்சையம்மாள் ஊற்றிய பால் இறங்கியதும் ராசாத்தியின் உடம்பு தூக்கிப்போட்டது. இருமக்கூடத் தெம்பில்லை. உதடு நீலம் பாய்ந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஆரோக்கியம்மாள் அவன் கையைத் தள்ளி, அவளை ஒருக்களித்துப் புரட்டி வாயைத் துடைத்தாள்.

"யாரு எடுத்தது?"

பிச்சையம்மாள் வாயெடுக்குமுன் அவன் சொன்னான். "நாந்தாம்மா."

ஆரோக்கியம்மாள் திட்டவில்லை. மூடியைத் தானே வைத்து அழுத்திக்கொண்டாள். "உங்க கையை நம்பித்தான் போனேன். ரெண்டு பேரும் வெளியில இருங்க."

கதவு சாத்தப்பட்டது. வெயில் உச்சிக்கு ஏறியும் அது திறக்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. அவனுடைய மடக்கிய விரல்கள் நிமிர மறுத்தன.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள் மெதுவாகக் கேட்டாள். "பால் உள்ளதான போச்சு, மாப்பிள்ளை?"

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போச்சு அத்தை" என்றான்.