முப்பத்தெட்டு சதவீத விவசாயி

ஆவணி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, என் நிலத்துக்கு நான் முப்பத்தெட்டு சதவீதம்தான் பொருத்தம் என்று விவசாய ஆப்பிலிருந்து போனில் மெசேஜ் வந்தது. அறுபதுக்குக் கீழே இருந்தால் களை. களையைப் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ட்ரோன் வந்து மருந்தடிக்கும். 'திரு. செங்கோடன் அவர்களுக்கு' என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருஷம் இந்த மண்ணுக்குச் சோளம் ஆகாது, சின்ன வெங்காயம்தான் ஆகும் என்று சொன்னதும் இதே ஆப்தான். மூன்று ஏக்கரிலும் முப்பதடிக்கு ஒரு சென்சார் நட்டிருக்கிறேன். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அது கேட்கிறது, மண் சொல்கிறது, சொட்டுநீர் வால்வு தானாகத் திறக்கிறது. எந்தப் பயிர் வேண்டும் என்று கேட்ட மண்ணிடம் எந்த விவசாயி வேண்டும் என்று கேட்காமல் விட்டால் அது என்ன விஞ்ஞானம்? முப்பது வருஷம் உழுதவனிடம் முகத்துக்கு நேரே சொல்லாமல் மண் பொத்தி வைத்திருந்ததுதான் எனக்கு வருத்தம். அப்போதே சொல்லியிருந்தால் ஒரு டீக்கடை வைத்திருப்பேன்.

என் மனைவி பாவாயிக்குத் தொண்ணூற்று நாலு சதவீதம். ஆனால் ஆப்பில் அவள் 'கூலி ஆள்' என்ற கட்டத்தில் இருந்ததால் அது சேர்த்தி இல்லை. அடுத்தபடியாக வந்தவர் ராசிபுரத்தில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்த குணசேகரன், தொண்ணூற்றொன்று. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். தோளில் பை, வாயில் விசில். வரப்பில் நின்று வயலை ஒரு பார்வை பார்த்தார்.

"உள்ள போ, உள்ள போ! நடுவுல எவ்வளவு எடம் கெடக்குது, அத்தனை பேரும் படியிலயே நின்னா எப்படி?"

வரப்போரம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வெங்காயமெல்லாம் முனகிக்கொண்டே உள்ளே நகர்ந்தது. ஏக்கருக்கு நாலாயிரம் பயிர் கூடுதலாக நிற்க இடம் கிடைத்தது. முப்பது வருஷமாக எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டுதான்.

ஆனால் எனக்குப் போக மனசில்லை. பாவாயியை விட்டுப் போகச் சுத்தமாக மனசில்லை. திருப்பூரில் தம்பி இருக்கிறான். செருப்பைக் கழற்றும்போதே 'எப்போ கெளம்பறே' என்று கேட்கிற தம்பி. ஆகவே சதவீதத்தை ஏற்றப் பார்த்தேன். மண்ணில் துத்தநாகம் குறைவு என்று ஆப் காட்டியது. துத்தநாக மாத்திரை வாங்கி மூன்று வேளையும் விழுங்கினேன். வெறுங்காலோடு சென்சார் பக்கத்தில் நின்று பார்த்தால் நாற்பத்தொன்று. பாவாயி சொன்னாளே என்று நாலு நாள் யாரோடும் சண்டை போடாமல் இருந்தேன். நாற்பத்து நாலு. அதோடு நின்றுவிட்டது.

பதிமூன்றாம் நாள் ஆப் கம்பெனியிலிருந்து தீபிகா என்ற பெண் டேப்லட்டோடு வந்தாள். பாவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா? கோவக்காரருதான், ஆனா நல்ல மனுசனுங்க. இவரு இல்லாம நான் என்ன பண்றதுங்க?"

"விவசாயின்னா அறுபது வேணுங்கம்மா," என்று தீபிகா திரையைத் தேய்த்தாள். "பயிருக்கு நாப்பது போதும். ஐயாவைப் பயிரா மாத்தீரட்டுங்களா?"

"மாத்தீருங்க," என்றாள் பாவாயி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் பாத்தியில் கணுக்கால் ஆழத்துக்கு என்னை நட்டார்கள்.

பயிருக்கு இத்தனை மரியாதை உண்டு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. விவசாயியாக இருந்தவரை எந்த ஆபீஸிலும் என்னை உட்காரச் சொன்னதில்லை. இப்போது அதிகாரிகள் தேடி வந்து, குனிந்து, என் கண்ணில் மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எனக்குக் காப்பீடு உண்டு. தாகம் எடுக்கும் முன்பே வால்வு திறந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் ட்ரோன் போட்டோ எடுக்க வருகிறது; நான் தலை வாரிக்கொண்டு நிற்கிறேன். ஒரு தடவை தும்மினேன். மூன்று விஞ்ஞானிகள் ஜீப்பில் வந்துவிட்டார்கள்.

பாவாயி என்னைச் சுற்றிக் களையெடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், பாதியில் எழுந்து போகாமல் அவள் பேச்சை நான் முழுசாகக் கேட்டது இப்போதுதான். என்னமாய்ப் பேசுகிறாள்! சந்தோஷமாக இருந்தேன்.

வெங்காயம் கார்த்திகையிலேயே லாரி ஏறிவிட்டது. நான் நீண்ட காலப் பயிர். மார்கழிக் கடைசியில்தான் மெசேஜ் வந்தது: 'மூன்றாம் பாத்தி, செங்கோடன். முற்றியது. தை பத்தாம் தேதி அறுவடை.'

"அறுக்கறதுக்கு ஆள் சொல்லீரட்டுங்களாக்கா?" என்று குணசேகரன் பாவாயியிடம் கேட்டார்.

அவள் மண்வெட்டியை எடுத்து என் காலுக்கு மண் அணைத்துவிட்டாள். முடித்தபிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப வெலை இல்லீங்க தம்பி. வெலை ஏறட்டும், அறுத்துக்கலாம்."

அதுவும் நியாயம்தான் என்று அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பாவாயி ஆப்பில் என் விலையைப் பார்த்துச் சொல்கிறாள். விவசாயியாக இருந்த முப்பது வருஷமும் விலை ஏற வேண்டும் சாமி என்று கும்பிட்டேன். ஒருநாளும் ஏறியதில்லை. இப்போது ஏறக் கூடாது சாமி என்று கும்பிடுகிறேன். நேற்று கிலோவுக்கு நாலு ரூபாய் ஏறியிருக்கிறது.