காலியாகாத கூழ்ப்பானை

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். பாப்பாரப்பட்டிச் சந்தை வரைக்கும் தெரிந்த விஷயம் இது. அதனால் போராட்டம் என்று பேச்சு எடுத்ததுமே, ஊர்ப் பெண்களை முன்னால் நின்று நடத்தும் சகாயமேரி என்னைத்தான் முறைத்தாள்.

"இந்தத் தடவ கல்லும் வேணாம், கோஷமும் வேணாம். கோகிலா, நீ கரண்டிய புடிச்சிக்கிட்டு கம்முனு இரு, போதும்."

விஷயம் இதுதான். ஊருக்குக் கிழக்கே இருக்கும் பாறைக் குன்றை, எங்கள் கரட்டை, முனிராஜ் அண்ணன் கல்குவாரிக்குக் குத்தகை எடுத்து உடைத்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நாள் அந்தப் பக்கம் உடைத்தார். இப்போது என் கிணற்றை ஒட்டிய பக்கத்துக்கு வந்துவிட்டார். அங்கே வெடி வைத்தால் பாறை விரிசல் விட்டு ஊற்று வேறு பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் காடு வைத்திருக்கும் சுகுணாவின் கிணற்றுக்கு அப்படித்தான் ஆனது. என் தக்காளி, என் எருமைகள், நான், எல்லோருக்கும் அந்த ஒரு கிணறுதான்.

போன முறை மறியல் செய்தபோது எவனோ லாரிக் கண்ணாடியில் கல்லை விட்டான். முனிராஜ் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போனார். எங்கள் பையன்கள் மேல் கேஸ் விழுந்தது. சுகுணாவின் கிணறு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஆகவே ஆடி மாதம் வரட்டும் என்று காத்திருந்தோம். எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் ஒரு வழக்கம் உண்டு. பானையை இறக்கி வைத்த இடத்திலிருந்து, காலியாகும்வரை அசைக்கக் கூடாது. யார் வந்தாலும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். நாங்கள் பானையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத்தான் போனோம். கரட்டுக்குப் போகும் வண்டிப்பாதையின் நடுவில் கை வலித்துவிட்டது. இறக்கி வைத்தோம். வேறு ஒரு உள்நோக்கமும் கிடையாது.

வெடி வைக்கப் பாறையில் குழி அடிக்கிற கம்ப்ரசர் டிராக்டரை ஓட்டிக்கொண்டு குவாரி டிரைவர் ஜோஸ்வின் வந்தான்.

"பானைய கொஞ்சம் நகத்துங்கக்கா."

"காலியானா எடுத்துடறோம் தம்பி. எறங்கி வா, குடி" என்றாள் சகாயமேரி. மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் மாரியம்மன் சட்டத்தை அவளைப்போலப் பேச எங்களில் ஆளில்லை.

மோர் விட்ட கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், கருவாடு. ஜோஸ்வின் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

அப்புறம் முனிராஜ் அண்ணன் வந்தார். கோயிலுக்கு மைக்செட் வாங்கிக் கொடுத்த மனிதர். பானையில் கை வைக்க முடியுமா? கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காலியாவணும், அவ்ளோதான? காலி பண்ணிட்டா போச்சு" என்று போனை எடுத்தார்.

பென்னாகரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்களை அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தடியோடு வந்தவர்களுக்குக் கூழ் குடிக்கச் சொல்லி உத்தரவு. தடியைக் கீழே போட்டுவிட்டுச் சொம்பை எடுத்தார்கள். பானையின் அடி தெரிகிற நேரம் பார்த்துத் தீர்த்தம்மாள் தன் வீட்டிலிருந்து ஒரு குண்டான் கூழ் கொண்டுவந்து பானையில் கொட்டினாள். அவளுக்குப் பின்னால் ஊரே அடுப்பு மூட்டியிருந்தது. ஒருவன் உப்புக் கம்மி என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உப்புப் போட்டேன். கடைசியில் எல்லோரும் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு புங்கமரத்தடியில் சாய்ந்தார்கள்.

"எதுக்குடா உங்கள கூட்டியாந்தேன்? எழுந்து இவங்கள அடிச்சாவது வெரட்டுங்கடா!" என்றார் முனிராஜ் அண்ணன்.

"அண்ணே, இவங்க கையால வாங்கி வயிறு முட்ட குடிச்சிட்டோம். இனிமே எப்டிண்ணே கை ஓங்கறது?"

நாங்கள் சிரித்துவிட்டோம். ஜோஸ்வினும் சிரித்தான். அன்றைக்கு நாங்கள் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

முனிராஜ் அண்ணன் ஓடிவந்து பானையை எட்டி உதைத்தார். மேல்பாதி உடைந்து கூழ் புழுதியில் ஓடியது. அதோடு விடவில்லை. கீழே கிடந்த தடியை எடுத்துச் சகாயமேரியின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

என் கை கரண்டியோடு மேலே போய்விட்டது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயமே இல்லை. ஆவலாக இருந்தார். பக்கத்தில் அவருடைய கணக்குப்பிள்ளை போனை என் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அடித்ததை அவன் வீடியோ எடுக்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கத்தினால் அடக்க அவருக்கு ஆள் இருக்கிறது. கல்லெறிந்தால் கேஸ் இருக்கிறது. ஊற்றிக் கொடுப்பவளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அடித்தார். நான் ஒரே ஒரு அடி திருப்பிக் கொடுத்தால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார்.

"கோகிலா..." என்றாள் சகாயமேரி, தரையில் உட்கார்ந்தபடி. "கரண்டி."

அவரைக் கொன்றுபோடலாம் என்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். குனிந்தேன். உடைந்த பானையின் அடியில் மிச்சமிருந்ததை அள்ளிச் சொம்பில் ஊற்றி அவர் முன்னால் நீட்டினேன்.

"குடிங்கண்ணா."

கணக்குப்பிள்ளை போனைக் கீழே இறக்கினான். ஜோஸ்வின் யாரையும் கேட்கவில்லை. கம்ப்ரசரைக் கழற்றி ஓரத்தில் விட்டான். சகாயமேரியைத் தூக்கி டிராக்டரில் உட்காரவைத்து, பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினான்.

முனிராஜ் அண்ணன் சொம்பை வாங்கவில்லை. புங்கமரத்தடியைப் பார்த்துக் கத்தினார். "பானைதான் ஒடஞ்சிபோச்சே! எடுத்துப் போட்டுட்டு வழிய வுடச் சொல்லுங்கடா!"

அவர் கூட்டிவந்த ஆட்களில் ஒருவன் எழுந்து வந்தான். குனிந்து உடைந்த பானை ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் காலியாவலீங்கண்ணே" என்றான்.

தீர்த்தம்மாள் அடுத்த குண்டானோடு வந்துகொண்டிருந்தாள்.