ஆற்றுக்குப் போன இரண்டு வண்டிக் குப்பை

ஆற்றங்கரையைச் சுத்தமாக வைத்தது தப்பு என்று விழாவுக்கு முதல் நாள் மதியம்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் எட்டுப் பெண்கள். நகராட்சியில் தற்காலிகத் துப்புரவு வேலை. நான் மேஸ்திரி, அதாவது மற்ற ஏழு பேரைவிட அதிகமாகத் திட்டு வாங்குபவள். ஆற்று விழா வருகிறதென்று இருபது நாள் சேற்றில் நின்று வாரினோம். டயர், மெத்தை, பாதி சோபா, ஒரு பல் செட். பல் செட்டை என் நாத்தனார் கழுவி, சொந்தக்காரர் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று பாலத்துச் சுவரில் வைத்தாள். மறுநாள் அதைக் காணோம்.

கையுறை மட்டும் கடைசிவரை வரவில்லை. கேட்டால், கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அது நகர்வதற்குள் கண்ணாடி கிழித்து நாத்தனாரின் உள்ளங்கையில் நாலு தையல் விழுந்துவிட்டது.

விழாவோடு எங்கள் வேலையும் முடிகிறது. நீட்டிப்பு உத்தரவு தரவேண்டியவர் சுகாதார அதிகாரி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மீட்டிங்'. எப்போது தேடிப் போனாலும் அங்கேதான் இருப்பார்.

அன்று மீட்டிங் நேரிலேயே வந்து கரையைப் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னம்மா இது? குப்பை எங்க?"

"எடுத்துட்டோம் சார்."

"மொத்தமுமா?"

"நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க?"

"ஓரளவுக்குச் சொன்னேன்! நாளைக்கு முந்நூறு பேர் கையுறை மாட்டிக்கிட்டு ஆத்தைச் சுத்தம் பண்ண வர்றாங்க. எதை எடுப்பாங்க? மீனையா?"

"மீனும் இல்ல சார்" என்றாள் நாத்தனார்.

அவர் காதில் வாங்கவில்லை. "ரெண்டு வண்டி குப்பை கொண்டாந்து பரப்புங்க. ஈரம் கூடாது, நாத்தம் கூடாது, குத்துற சாமான் கூடாது. பெரிய மனுஷங்க கை. பாக்க லட்சணமா இருக்கணும்."

"முடியாதுன்னா சார்?"

"உத்தரவு என் மேஜையிலதான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

எட்டு வீட்டு அடுப்பு அந்த மேஜையின் மேல் இருந்தது. தலையாட்டினேன்.

லட்சணமான குப்பைக்கு எங்கே போவது? எங்கள் தெருக்களில் எல்லாம் ஒரே வாளியில் ஊறிக் கிடக்கும். காய்ந்தது வேறு, ஈரமானது வேறு என்று பிரித்துப் போடுவது பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய வீட்டுத் தெரு ஒன்றுதான். சத்தியமாக எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை. அங்கே போய் அட்டைப் பெட்டிகளும் மினுக்கும் உறைகளுமாக இரண்டு வண்டி ஏற்றி வந்தோம். நாங்கள் வாரிய புல்லின் மேல் நாங்களே கொட்டினோம்.

மறுநாள் மேடையில் தலைமை விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். அவர்தான் எங்கள் ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடை முதலாளி. "ஆறு நமக்குத் தாய்! தாய் மடியில் குப்பை கொட்டும் அந்தப் பாவிகள் யார்?" என்று கேட்டுவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் படம் எடுப்பவர்களுக்குக் காட்டினார்.

பெட்டியில் அவர் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண், எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன.

பக்கத்தில் ஒரு டாக்டரம்மா, "ஐயோ, இது நம்ம பாப்பா நோட்டு!" என்றார். அப்புறம் ஆளாளுக்குச் சொந்தக் குப்பையை அடையாளம் கண்டார்கள்.

"இதெல்லாம் எப்படி இங்க வந்துச்சு?" என்று முதலாளி கத்தினார்.

மீட்டிங் மைக்கோடு ஓடினார். "தண்ணியில அடிச்சிக்கிட்டு வந்திருக்கும் சார்."

"என் வீடு ஆத்துக்குக் கீழ்ப்பக்கம்யா! தண்ணி மேல ஏறி வருமா?"

மீட்டிங் என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா, யாரோ கொட்டிட்டாங்கன்னு."

நான் நாத்தனாரின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன்.

"நாங்கதான் கொட்டினோம். சார்தான் கொட்டச் சொன்னாரு."

மைக் அவர் கையில் திறந்தே இருந்தது. ஊருக்கே கேட்டது.

அரை மணியில் கூட்டம் கலைந்தது. மீட்டிங்கின் முகம் கறுத்திருந்தது. "உத்தரவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எவளும் இனிமே வேலைக்கு வரவேண்டாம்!"

"சரிங்க சார்" என்று கிளம்பினோம். ஏழு பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று நினைத்தபடி நடந்தேன்.

பத்தடி போயிருப்போம்.

"நில்லுங்கம்மா!"

திரும்பினேன். இரண்டு வண்டிக் குப்பை அப்படியே கிடந்தது. அதன் மேல் கழற்றி எறிந்த முந்நூறு ஜோடிக் கையுறை, தொப்பி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பொட்டலம். 'ஆற்றைக் காப்போம்' பதாகை ஆற்றில் மிதந்தது. தூய்மையான கரைக்குப் பரிசு தரும் குழு நாலு மணிக்கு வருகிறது என்று மேடையிலேயே அறிவித்திருந்தார்கள். மீட்டிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்களுக்குத்தான் வேலை இல்லையே சார்" என்றேன்.

விழா அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே நீட்டிப்பு உத்தரவை எழுதினார். எட்டுப் பேர், ஆறு மாதம். தேதி போடச் சொன்னேன், போட்டார். முத்திரை கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் குத்தினார்.

"நாலு தையல் வேலையில பட்டதுன்னும் எழுதுங்க" என்றாள் நாத்தனார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

சேற்றில் இறங்கும் முன் எட்டு ஜோடிக் கையுறை பொறுக்கினேன். அழுக்குப்படாத புதுசு. நாத்தனார் கட்டின் மேல் மெதுவாக மாட்டி, விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"அண்ணி, எனக்குச் சரியா இருக்கு."