லேசான சக்கரம்

கியர்பாக்ஸின் உச்சியில் இருந்த அந்தக் கடைசி போல்ட் யார் கண்ணுக்கும் தெரியாது. கையை உள்ளே விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், நான்கு தாங்கிகளின் மேல் ஏற்றி நிறுத்திய தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கன்னத்தில் கிரீஸ், காதுக்குள் துரு, தலைமுடியைச் சொல்லவே வேண்டாம். நீளமான கம்பிகளை ஒன்றோடொன்று கோத்து அதன் நுனியில் மாட்டிய ஸ்பேனரை போல்ட்டின் தலையில் உட்காரவைத்தாள். மறுமுனையைக் காருக்கு வெளியே நாத்தனார் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“மாட்டிடுச்சா அண்ணி?”

“மாட்டிடுச்சு. இழு.”

“இழுத்துட்டுத்தான் இருக்கேன். உங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு, அசைய மாட்டேங்குது.”

“உன் அண்ணன்தானே?”

“அதனாலதான சொல்றேன்!”

நாத்தனார் பேக்கரியில் மாவு பிசைகிறவள். விடியுமுன் போய் மத்தியானம் திரும்பிவிடுவாள். கல்யாணத்தை முறித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து “கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்” என்று யார் சொன்னாலும் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விடுவாள். அவள் ஒருமுறை மூச்சைப் பிடித்து இழுத்ததில் போல்ட் கிறீச்சென்று கத்திவிட்டுச் சுழன்றது. ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, கியர்பாக்ஸ் முழுசாகக் கீழே வந்தது.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடேயப்பா, செய்தேவிட்டோம் என்று அவளுக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் காருக்கு அடியில் துள்ளினால் மண்டை உடையும்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூச்சை இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க என்று நாள் முழுக்க ஊரார் மூச்சை ஆட்டிவைக்கும் வேலை. நைட் டியூட்டி நைட் டியூட்டியாகப் பார்த்துச் சேர்த்து, தன் ஒருத்தி சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி இது. பழைய வண்டிதான், இரண்டே சீட்டுதான். “வீட்டுல மூணு பேரு, வண்டியில ரெண்டு சீட்டு, கணக்கு இடிக்குதே” என்று கணவன் அன்றைக்கே சிரித்தான். சிரித்தவன் ஒரு காரியமும் செய்திருந்தான். நீ டியூட்டியில இருக்கே, நானே போய் முடிச்சுட்டு வந்துடறேன் என்று வண்டிப் பதிவைத் தன் பெயரில் முடித்து வந்தான். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் பெயரில் இருந்தால் என்ன, சாவி என் பையில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

போன மாதம் மேம்பாலத்தில் ஏறும்போது கிளட்ச் கைவிட்டது. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, பின்னால் வரிசையாக ஹாரன். கட்டியிழுத்துக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டாள். எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள், கிளட்ச்சோடு சேர்த்து ஃப்ளைவீலையும் லேசானதாக மாற்றிவிடுங்கள் என்றாள். இன்ஜினின் வால்பக்கம் சுற்றும் இரும்புச் சக்கரம் அது. கனமாக இருந்தால் இன்ஜின் நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். லேசாக இருந்தால் காலை வைத்ததும் பாயும், எடுத்ததும் அடங்கும்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “கனமான சக்கரம் நம்ம தப்பையெல்லாம் மன்னிச்சுடும் மேடம். லேசானது மன்னிக்காது. பொசுக்குனு நின்னுடும். உங்களுக்கு எதுக்கு அது?”

“என்னை யாரும் மன்னிக்க வேணாம். போடுங்க.”

சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் வாசலைத் தாண்டுமுன் கணவனுக்குப் போன் போட்டார் அந்தப் புண்ணியவான். சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றுதானாம்! அவளுடைய வண்டி, அவளுடைய கால், அவளுடைய கிளட்ச். இதில் சார் எங்கே வந்தார்? வயிறெரிந்தது அவளுக்கு. அன்று மாலையே வண்டியைக் கட்டியிழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சார் அதற்குள் வேறு ஏற்பாடு செய்திருந்தான். ஓடாத வண்டிகளை வாங்குகிற ஒரு ஆள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு இழுவை லாரியோடு வருவானாம். கணவன் கத்துகிற ரகமில்லை. நிதானமாக, பாலை ஆற்றுவது மாதிரி பேசியே எதையும் முடித்துவிடுவான்.

“ஓடாத வண்டி எதுக்கும்மா கொட்டகைய அடைச்சுக்கிட்டு? உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

“என் வண்டிய விக்க நீங்க யாரு?”

“பேரு என் பேர்லதான இருக்கு” என்றான், ஏதோ தற்செயலாக ஞாபகம் வந்தது போல.

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. “சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அது தானா ஓடி கேட்டைத் தாண்டிச்சுன்னா?”

“யாரு, நீ மாத்தப் போறியா?” சிரித்தான். “தாண்டட்டும். அடுத்த நாளே பேர மாத்தி உன் கையில குடுத்துடறேன். அப்புறம் இந்த வண்டியப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.”

“நான் சாட்சி” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் நாத்தனார்.

அப்படித்தான் அவள் புதுக் கிளட்ச்சும் லேசான ஃப்ளைவீலும் தானே வாங்கி வந்து, லீவு போட்டுவிட்டுக் காருக்கு அடியில் கிடந்தாள். பழைய ஃப்ளைவீலைக் கழற்றியபோது அதன் கனம் தாங்காமல் மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதியதை ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவுதானா! இத்தனை நாள் இந்த இன்ஜின் எதையெல்லாம் சுமந்துகொண்டு சுற்றியிருக்கிறது என்று நினைத்தாள், தன்னைப் பற்றியும்தான். போல்ட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கினாள். தேய்ந்து ஓடாகிப்போன பழைய கிளட்ச் பிளேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை நடுப்பிசகாமல் வைத்து, மேலே அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை மூடினாள். நாத்தனார் கியர்பாக்ஸை மாவுருண்டை மாதிரி அப்படியும் இப்படியும் உருட்டி, இடுப்பால் ஒரு இடி இடித்து உள்ளே ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உடனே பிடித்தது. நாத்தனார் விசிலடித்தாள். கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினாள். கரகரவென்று பல்லை நறநறத்ததே தவிர, கியர் விழவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தாள். அதே நறநறப்பு. கிளட்ச் இன்ஜினை விடவே இல்லை.

கணவன் இரண்டு கப் டீயோடு கொட்டகை வாசலில் நின்றான். அதில் ஒன்று அவளுக்கு. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“போதும்மா. முயற்சி பண்ணே, பெரிய விஷயம்தான். கைய பாரு, எப்படி ஆயிருக்கு. போகட்டும் விடு.”

“நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு.”

“மறுபடியும் மொத்தமும் கழட்டணுமே?”

“கழட்டுவேன். என் வண்டி. நூறு தடவை வேணாலும் கழட்டுவேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, நகக்கண்ணிலிருந்த கிரீஸைத் தேய்க்காமலே வெளியே வந்தாள். நாளைக்கும் அதே கிரீஸ்தானே.

சனிக்கிழமை நாத்தனார் பேக்கரிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாளாம். நேற்றுப் பூட்டியதையெல்லாம் இன்று கழற்றுவது எவ்வளவு வெறுப்பான வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத போல்ட்டையும் மறுபடி தடவிப் பிடித்தார்கள். பிரஷர் பிளேட் வெளியே வந்தது. கிளட்ச் பிளேட்டைக் கையில் வாங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிளேட்டின் ஒரு பக்கம் ‘ஃப்ளைவீல் பக்கம்’ என்று அச்சடித்திருந்தது. அந்தப் பக்கம் உள்ளே, ஃப்ளைவீலைப் பார்த்து இருக்க வேண்டும். அவள் அதை வெளியே, தன்னைப் பார்த்து வைத்திருந்தாள். புடைத்த ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடித்து, நல்லவேளையாக இலேசாகக் கீறியிருந்தது, அவ்வளவுதான்.

“இருபது வருஷம்டி!” என்று சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினாள். “எக்ஸ்ரேல இடது, வலதுன்னு ஈய எழுத்து வெப்போம். பாக்குறவங்க படிக்கிற மாதிரிதான் வெக்கணும். எழுத்து திரும்பி இருந்தா டாக்டர் மூஞ்சில விட்டெறிவாரு. கை தன்னால வெச்சிருக்கு, பாரு! எழுத்து எனக்குத் தெரியணும்னு வெச்சிருக்கு!”

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஊரையே இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்கன்னு சொல்ற ஆளு! சரி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டும்.”

“சொல்லுவேன். தப்பும் என்னுதுதான். அவர் பேர்ல எதுவும் எழுத வேணாம்.”

பிளேட் திரும்பியது. எழுத்து உள்ளே போய் மறைந்தது. அது கண்ணுக்குத் தெரியாமல் போனதில் அவள் கைக்குக் கொஞ்சம் கூச்சம்கூட இருந்தது. நாத்தனார் இடுப்பால் இடிக்க, கியர்பாக்ஸ் ஏறியது. காரைத் தாங்கிகளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோதே தெருவில் லாரிச் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு வரச் சொன்னால் நாலரைக்கே வந்து நிற்கிறான் மகராசன். லாரியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுக் கணவனோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் கையைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்ததும் அடியில் தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல் ஒரு கடகடப்பு.

“என்ன சத்தம் இது? எதோ உடைஞ்சிருக்கு” என்று கணவன் ஓடிவந்தான்.

“உடையல. லேசான சக்கரம் போட்டா இப்படித்தான் பேசும்.” கிளட்சை மிதித்தாள். கடகடப்பு நின்றது. முதல் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது.

கொட்டகையிலிருந்து கேட் வரை மேடு. காலை எடுத்தாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுபோனது. லாரிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். மறுபடி சாவி, மறுபடி துள்ளல், மறுபடி நிசப்தம். மெக்கானிக் சொன்னது பொய்யில்லை, இந்தச் சக்கரம் எதையும் மன்னிக்கிற சக்கரமே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கும் யாரையும் மன்னிக்கிற உத்தேசம் இல்லை என்று அவள் பல்லைக் கடித்தாள். மூச்சை இழுத்தாள். பிடித்தாள். வலது காலை முன்பைவிட அழுத்தி, இடது காலை ஒரு நூல் ஒரு நூலாக விட்டாள். பின்சக்கரங்கள் சரளையைக் கவ்வின. சிவப்பு வண்டி தன் காலாலேயே மேட்டில் ஏறிப் போய், லாரியின் பக்கவாட்டுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை எடுத்து, கண்ணாடியை இறக்கினாள். கடகடப்பு மறுபடி தொடங்கியது.

“லாரிய எடுங்க.”

லாரிக்காரன் கணவனைப் பார்த்தான். “சார், என்ன பண்ணட்டும்?”

“அவரைக் கேக்காதீங்க. போறது நான்.”

பக்கத்துக் கதவைத் திறந்து நாத்தனார் ஏறி உட்கார்ந்தாள், மாவுக்குப் பதில் முழங்கை வரை கிரீஸோடு. “அண்ணே, ரெண்டு சீட்டும் ஃபுல்லு” என்றாள் தன் அண்ணனைப் பார்த்து.

கணவன் எதையோ சொல்ல வாயெடுத்தான், வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, மென்று விழுங்கினான். லாரிக்காரன் அப்போதும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஆக்சிலேட்டரை ஒரு முறை மிதித்தாள். இன்ஜின் வேகம் காட்டும் முள் சட்டென்று உச்சிக்குப் போய், காலை எடுத்ததும் சட்டென்று இறங்கியது. இன்னொரு முறை மிதித்தாள். லாரிக்காரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மெல்ல ஏறி உட்கார்ந்தான். அவள் கிளட்சை மிதித்துக் கடகடப்பை அடக்கினாள். மிதித்த இடது காலை எடுக்கவில்லை. லாரியின் பின்னால், ரிவர்ஸ் எடுக்கும்போது எரிகிற வெள்ளை விளக்கு இரண்டும் எரிந்தன.